பிறப்புச் சேட்டிபிக்கற் இல்லாத ஒரு அம்மாவுக்கு ஐடி எடுக்க வழி சொல்லுங்கோ

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம், தருமபுரம் பக்கத்தில இருந்து எழுதுறன். எங்கட அயலில இருக்கிற அம்மா 1958ல நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில பிறந்தவ, 77 கலவரத்தோட தாய் தேப்பனோட வன்னிக்கு வந்தவ. 2009ல இடம்பெயரேக்க ஐடியும் மற்றதுகளும் துலைஞ்சு போச்சு, இப்ப மிச்சம் தேப்பன்ர தோட்டப் பதிவுத் துண்டு ஒண்டுதான், அதுவும் தண்ணி பட்டு மை ஊறி பேர் மட்டும் ஒருமாதிரித் தெரியுது.

புது ஐடிக்குப் போனா இந்த நாட்டுப் பிரசை எண்டு முதல் காட்டுங்கோ எண்டு திருப்பி விட்டிட்டினம். 2003ம் ஆண்டு 35ம் இலக்கச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30ல இருந்து இங்க நிரந்தரமா இருக்கிற இந்திய வம்சாவளி ஆக்களுக்கும் அவையின்ர சந்ததிக்கும் பிரசாவுரிமை குடுத்திருக்கு, பிறகேன் இந்த அலைச்சல்? அரசியலமைப்பு 12(1)ல வாற சமத்துவம் எல்லாருக்கும், ஆனா 14ல வாற பேச்சு, நடமாட்டம், தொழில் உரிமையள் பிரசைக்குத்தான், அதையும் 15ன்படி சட்டத்தால மட்டுப்படுத்தலாம், ஆனா இஞ்ச ஒரு துண்டு இல்லையெண்டு வோட்டே போடேலாமக் கிடக்கு, பெரிய அநியாயம்.

பிறப்புப் பதிவு இல்லாதவைக்குக் குடுக்கிற உத்தேச வயதுச் சேட்டிபிக்கற் எடுத்த ஆக்கள் இருந்தா என்னென்ன குடுத்தனீங்கள், தோட்டத் துண்டை ஏற்றவையோ? மனித உரிமை ஆணைக்குழுவின்ர வவுனியா ஒபிசில முறைப்பாடு குடுத்த ஆரும் இருக்கிறீங்களோ? அடிப்படை உரிமை வழக்கு ஒரு மாசத்துக்க போடோணும், அதுக்குள்ள ஆணைக்குழுவுக்குப் போனா விசாரணைக் காலம் கணக்கில வராதாம். அந்த மாசம் இன்னும் முடியேல்ல, தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்கோ, சிங்களத்தில போம் நிரப்பித் தரக்கூடிய ஆக்களும் தொடர்பு கொள்ளுங்கோ.