கழற்ற முடியாத வளையம் கடையும்போது உடைகிறது, எந்த உளி வாங்கலாம்? (அவசரம்)

கொட்டகலைக்காரன்:
வணக்கம். கிலுகிலுப்பை ஒன்று லேத்தில் கடைகிறேன். தண்டும் வளையமும் ஒரே கட்டையிலிருந்துதான் வர வேண்டும்; வளையம் தண்டில் தளர்வாக ஆட வேண்டும், வெளியே வரக்கூடாது. தண்டிலிருந்து பிரிந்து கழலப்போகும் நேரத்தில் வளையம் பிளந்துவிடுகிறது. மூன்று போய்விட்டது. எந்த உளி வாங்கலாம்? தங்கச்சி பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள்.

பதுளைப் பட்டறை:
என்ன மரம்? வளையம் எவ்வளவு தடிப்பு? இப்போது எதை வைத்து அடியில் குடைகிறீர்கள்?

மூடுபனி:
நம் பக்கம் எல்லாவற்றுக்கும் காரணம் ஈரம்தான். கட்டையை அடுப்புக்கு மேல் பரணில் ஆறு மாதம் போட்டுவையுங்கள்.

பதுளைப் பட்டறை:
அண்ணே, பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை.

பழைய பாஸ்:
நாற்பது வருடமாக லேத் முன்னால் நிற்கிறேன். நான் தொடங்கியபோது ஒரு வருடம் வெறும் உருளைதான் கடையவிட்டார்கள். இப்போது உளி தீட்டப் பழகும் முன்பே வளையத்துக்கு வந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கினால் மட்டும் கை வந்துவிடுமா?

கொட்டகலைக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சவுக்கு, நன்றாகக் காய்ந்தது. வளையம் 3 மி.மீ. இருக்கும். உளி நானே செய்தது. பழைய அரத்தைச் சிவக்கக் காய்ச்சி, கொக்கியாக வளைத்து, தண்ணீரில் தோய்த்தேன்.

வல்லிபுரத்தான்:
சவுக்கு இரும்பு மாதிரி. மரத்தில் பிழையே இல்லை, உளிதான் மொட்டை.

பதுளைப் பட்டறை:
தம்பி, முதலில் அந்த அரத்தைத் தூக்கிப் போடுங்கள். தோய்த்ததோடு விட்ட அரம் கண்ணாடிக்குச் சமம், முனை தெறித்தால் முகத்துக்குத்தான் வரும்.

வாங்கவும் வேண்டாம். பழைய தட்டை ஸ்குருட்ரைவர் இரண்டு போதும். ஒன்றை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் திரும்பிய சின்னக் கொக்கியாகக் கிரைண்டரில் தீட்டுங்கள். அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நுனி நீலமானால் பதம் போய்விட்டது, அந்த அளவைத் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். விளிம்புக்கு அடியில் சாய்வாகத் தேய்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெட்டாமல் உரசும், சூடேறி வெடிக்கும்.

வளையத்தின் வெளிப்பக்கத்தை உருட்டியதும் இரு பக்கமும் ஆழமாகப் பள்ளம் போடுங்கள், கொக்கி திரும்ப இடம் வேண்டும். பிறகு பக்கத்துக்குப் பாதியாகக் குடைந்து நடுவில் சந்திக்கவிடுங்கள். கைப்பிடி சற்று உயர்ந்து, முனை தாழ்ந்திருக்கட்டும். வெளியே சாண்ட் பேப்பர் போடுவது கழலும் முன்பு. உள்ளே தேய்ப்பது கழன்ற பின்பு: தண்டில் சாண்ட் பேப்பரை ஒட்டி, லேத்தை மெதுவாக ஓடவிட்டு, வளையத்தை அதன்மேல் பிடியுங்கள்.

3 மி.மீ. பத்தவே பத்தாது. இதில் நார் தண்டின் போக்கில் ஓடுகிறது, வளையத்தைச் சுற்றி ஓடவில்லை. எங்கே இழுத்தாலும் நாருக்குக் குறுக்கேதான். 7, 8 மி.மீ. விடுங்கள்.

மஸ்கெலியா மாமா:
வல்லிபுரத்தாரே, நீங்கள் சொல்வது கடற்கரைச் சவுக்கு, ஊசி இலை. எங்களுக்குச் சவுக்கு என்றால் தேயிலைக்கு நிழலுக்கு வைத்த மரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிங்களத்தில் சபுக்கு.

வல்லிபுரத்தான்:
ஊசி இலை உள்ளதுதான் சவுக்கு. மற்றதற்கு நீங்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம்.

மஸ்கெலியா மாமா:
என் தாத்தாவும் சவுக்கு என்றுதான் சொன்னார். மலையில் வந்து பெயர் மாற்றச் சொல்கிறீர்களா?

மூடுபனி:
எந்தச் சவுக்கானாலும் ஈரம் ஈரம்தான்.

பழைய பாஸ்:
பெயர்ச் சண்டையை விடுங்கள். நிழல் மரத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் அகலக் கதிர்கள் இருக்கும். பலகையில் பார்க்க அழகு, மெல்லிய வளையத்தில் அந்த வழியேதான் பிளக்கும். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டை இருந்தால் எடு தம்பி. நெருக்கமான மரம். பதுளைக்காரர் சொன்ன தடிப்பும் சரிதான்.

வல்லிபுரத்தான்:
அப்போ அது சவுக்கு இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

கொட்டகலைக்காரன்:
தேயிலைக் கட்டை, இரண்டு ஸ்குருட்ரைவர், 8 மி.மீ. ஒரு வளையம் முழுசாகக் கழன்றது! இரண்டாவதைக் கொக்கி கடித்துவிட்டது, கட்டையும் முடிந்தது. ஒற்றை வளையத்தில் எப்படிச் சத்தம் வரும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எல்லாருக்கும் நன்றி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.