மறு: ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன் – தமிழில் எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிற கோளாறான ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷனுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழையில் வந்த கேள்விக்கு என் பதில்.

> "நிலைசார் தாழ் ரத்த அழுத்தம்" என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, "நிலைசார்" எந்த நிலை என்று சொல்லவில்லை, அதைக்கூட விட்டுவிடலாம். "தாழ்" என்பதுதான் உறுத்துகிறது. படுத்திருக்கும்போது 138 இருந்த மேல் அழுத்தம் எழுந்து நின்றதும் 114 ஆனால் அவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது, ஆனால் 114-ஐ யாரும் தாழ்வு என்று சொல்லமாட்டார்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்க வேண்டும், இதுதான் வரையறை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் கையேட்டில் "தாழ் அழுத்தம்" என்று படித்தால் என்ன செய்வார்? மாத்திரையை நிறுத்திவிட்டு ஊறுகாயைத் தேடுவார். அதனால் "சரிவு" என்ற சொல் வந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

"ரத்தக் குறைவு மயக்கம்" என்று மதுரை நண்பர் சொன்னதையும் ஏற்க முடியவில்லை. நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து கால், வயிற்றுச் சிரைகளுக்கு இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவதும் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கிற உணரிகள் இதை உடனே மூளைத்தண்டுக்குச் சொல்ல, துடிப்பு கூடுகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. சென்னை மே மாத வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு ரத்தத்தின் அளவே குறைந்திருக்கும், தோலுக்குப் போகும் குழாய்களும் விரிந்திருக்கும், அப்போது இந்த ஈடுகட்டல் போதாமல் கண் இருட்டுகிறது. ஆனால் பல வருடச் சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவருக்கு ரத்தம் வேண்டிய அளவு இருந்தும் அழுத்தம் சரியும். நாடியைப் பிடித்தாலே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும்: முன்னவருக்கு நின்றதும் துடிப்பு நன்றாக ஏறும், பின்னவருக்கு அவ்வளவாக ஏறாது. ஒரு காரணத்தைப் பெயரிலேயே கட்டிவிட்டால் இன்னொன்று வெளியே போய்விடும். மயக்கம் என்பதும் வேண்டாம், சிலருக்குத் தலைசுற்றல்கூட இல்லாமல் அழுத்தம் இறங்குவதுண்டு.

ஆக, நான் முன்வைப்பது: எழுநிலை அழுத்தச் சரிவு.

எழுஞாயிறு மாதிரி இதுவும் வினைத்தொகைதான், எழுந்த, எழுகின்ற, எழும் எல்லாம் அடங்கும். "நிமிர்நிலை" என்று டாக்டர் அம்மா சொன்னதும் நல்ல சொல்தான், ஆனால் உட்கார்ந்தும் நிமிரலாம் அல்லவா?

இன்னொரு வசதி, இதிலிருந்து அடுத்த சொற்களும் கிளைக்கும். அழுத்தம் சரியாமலேயே, நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு மட்டும் 30-க்கு மேல் கூடி ஓயாமல் படுத்துகிற 'பாட்ஸ்' இருக்கிறதே, அதை எழுநிலை மிகைத்துடிப்பு எனலாம். 3 நிமிடம் கழித்துச் சரிந்தால் தாமத எழுநிலைச் சரிவு. ஆளை மேசையில் படுக்கவைத்து, அதைச் சாய்த்து நிமிர்த்தி அழுத்தமும் துடிப்பும் பார்க்கிற டில்ட் டேபிள் சோதனைக்குச் சாய்மேசைச் சோதனை போதும்.

மேலே சொன்ன தமனி உணரிக்கு, அதாவது பேரோரிசெப்டருக்கு, "அழுத்த உணரி" இருக்கட்டும். அது உண்மையில் உணர்வது குழாய்ச் சுவரின் இழுபடலைத்தான், ஆனாலும் பழகிவிட்டது. ப்ரீலோடுக்கு "முன்சுமை" என்பதில் எனக்கு உடன்பாடில்லை, துடிப்புக்கு முன் இதய அறை எவ்வளவு நிரம்பி விரிகிறது என்பதல்லவா அது, சுமை எங்கே வந்தது? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

"எழுநிலை"க்கு மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், மருந்துச்சீட்டு எழுதுகிறவர்கள் குறிப்பாக.

அன்புடன்,
சென்னையிலிருந்து