இலந்தையில் அரக்குப் பூச்சி: இனம் பிரிக்க உதவி தேவை

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில் எங்கள் வளவு இலந்தை மரத்தில் அரக்குப் பூச்சி பிடித்திருக்கிறது. எந்த இனம் என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டு கிழமையாக நிற்கிறேன்.

தை மாதக் கடைசியில்தான் கண்டேன். விரல் பருமன் கொப்புகளில் செம்பழுப்பு மேலோடு, ஒரு சாண் நீளத்துக்கு. உற்றுப் பார்த்தால் அதில் ஊசிமுனைத் துளைகள், ஒவ்வொன்றிலும் பஞ்சு போல வெள்ளை மெழுகு இழைகள். எறும்பு விடாமல் ஏறுகிறது, கீழ் இலைகளெல்லாம் கரிப்பூஞ்சணம். பக்கத்து வேம்பில் ஒன்றுமில்லை.

சுரண்டி வெந்நீரில் போட்டேன், தண்ணீர் சிவந்தது. ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்தது. 1782இல் ஜேம்ஸ் கெர் என்பவர் விவரித்த கெரியா லக்கா இனம் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் கெரியா பேரினத்தில் வேறு இனங்களும் உண்டு. நிறத்தையும் மரத்தையும் வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது. புளோரிடாவில் 1999இல் கண்ட, பரட்டகார்டினா என்ற இன்னொரு பேரினத்து அரக்குப் பூச்சியை முதலில் வேறு இனமென்று நினைத்து, 2007இல்தான் புதிய இனமாக விவரித்தார்கள். அப்படியொரு தவறு இங்கே நடக்கக் கூடாது.

சரி என்று வளர்ந்த பெண் பூச்சிகளை ஒரு நாள் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அப்புறம் 10 சதவீத பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கி நுணுக்குக்காட்டியில் பார்க்க ஸ்லைடு செய்தேன். மூன்று முறையும் முதுகு முள் தெளிவாகத் தெரிந்தது. மெழுகு சுரக்கும் புயத்தட்டுகள் (கைபோன்ற நீட்சிகளின் நுனியிலுள்ள தட்டுகள்) மட்டும் அரக்கோடு ஒட்டிக் கிழிந்துவிடுகின்றன. இனம் பிரிக்க அவைதானே முக்கியம்.

புயத்தட்டு கிழியாமல் அரக்கை முழுதாக அகற்றுவது எப்படி?