கீழ்த்தளப் பூனைகளை அகற்றச் சொல்லிக் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

மூன்றாம்மாடி:
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் புளோக்கில் ஒருவர் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்குகிறார். கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளை நகர மன்றம் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று மனு. போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ராத்திரியில் ஜன்னலுக்குக் கீழே ஒரே கத்தல், தூங்க முடியவில்லை. வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியில் மூத்திர நாற்றம், எவ்வளவு கழுவினாலும் போவதில்லை. யாரோ சாயங்காலம் காகிதத்தில் சோறும் மீனும் வைத்துவிட்டுப் போகிறார்கள், காலையில் பார்த்தால் எறும்பும் கரப்பானும். என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பூனைக் கழிவிலிருந்து தொற்று வரலாம் என்கிறார்களே, அந்தப் பயம் வேறு. பூனைகளைக் கொல்லச் சொல்லவில்லை. வேறு எங்காவது வைத்துப் பராமரியுங்கள், இங்கே வேண்டாம் என்கிறேன். இதில் என்ன தப்பு?

பிடோக்அக்கா:
தம்பி, அந்த "வேறு எங்காவது" எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். காப்பகங்களில் இடமே கிடையாது. நானும் என் புளோக்கில் சோறு வைக்கிறவள்தான். வாயில்லாத ஜீவன் பசியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு கடந்துபோக என்னால் முடியாது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

கூண்டுக்காரி:
நான் எங்கள் வட்டாரத்தில் பூனை பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகும் தொண்டூழியர்களில் ஒருத்தி. மூன்றாம்மாடி சொல்வதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் சொன்ன தொல்லைகளில் முக்கால்வாசி, கருத்தடை ஆகாத பூனைகளால் வருபவை. ராத்திரிக் கத்தல், பருவத்துக்கு வந்த பெட்டைக்காகக் கடுவன்கள் போடும் சண்டை. செருப்பு அலமாரியில் அடிப்பதும் கடுவன் தன் எல்லையைக் குறிக்கும் வேலைதான். அறுவை முடிந்த சில வாரங்களில் இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய நாற்றத்துக்கு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்ஸைம் கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிடுங்கள். அம்மோனியா உள்ள கழுவும் திரவம் வேண்டாம், அந்த வாடைக்கே பூனை திரும்ப வரும்.

இப்போது அகற்றும் விஷயம். இந்த ஊர் அதைச் செய்து பார்த்திருக்கிறது. தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் அரசுத் திட்டம் ஒன்று 1998இல் தொடங்கியது. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்தபோது அதை நிறுத்திவிட்டுப் பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள். அதனால் பூனை ஒழிந்ததா? ஒழிந்திருந்தால் இன்றைக்கு இந்த மனு எதற்கு? குப்பைத்தொட்டியும் மழைக்கு ஒதுங்க இடமும் அப்படியே இருக்கும்வரை, காலியான இடத்துக்குப் பக்கத்துப் புளோக்கிலிருந்து வேறு பூனை வரும். வருவது கருத்தடை ஆகாத பூனையாக இருந்தால் கதை முதலிலிருந்து ஆரம்பம். பெட்டை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஆஸ்திரேலியாவின் தெற்கு டாஸ்மேனியக் காடுகளில் ஆய்வுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூனைகளைப் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே பூனை நடமாட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பறவைக்கண்:
கருத்தடை ஆதரவாளர்கள் எப்போதும் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அறுவை செய்தால் குட்டி போடாது, சரி. வேட்டையாடாமல் இருக்குமா? திரும்ப விட்ட பூனை இன்னும் பல வருடம் உயிரோடு இருக்கும், தினமும் பிடிக்கும், வயிறு நிறைந்திருந்தாலும் பிடிக்கும். 2013இல் வந்த ஆய்வின்படி, அமெரிக்காவில் மட்டும் பூனைகள் கொல்லும் பறவைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை. அதில் பெரும்பங்கு வீட்டுப் பூனைகளால் இல்லை, ஆளில்லாமல் திரிபவற்றால். எங்கள் புளோக்கில் தேன்சிட்டு நடைபாதைத் தொட்டிச் செடியில் கை எட்டும் உயரத்தில் கூடு கட்டுகிறது. பறக்கப் பழகும் குஞ்சு கீழே விழுந்தால் முடிந்தது. அந்தக் குஞ்சு வாயில்லாத ஜீவன் இல்லையா அக்கா?

டாஸ்மேனியக் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். அங்கே அகற்றியது கொஞ்சம், சுற்றிலும் வேலி இல்லாத காடு. அரைகுறையாகச் செய்தால் பலிக்காது என்றுதான் அது காட்டுகிறது. கருத்தடைக்கும் அதே விதிதான். பாதிப் பூனைக்குச் செய்து பாதியை விட்டால் எண்ணிக்கை குறையவே குறையாது.

கூண்டுக்காரி:
கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஒரு புளோக் என்று எடுத்துக்கொண்டால் அங்கே இருக்கும் எல்லாவற்றையும் குறுகிய காலத்தில் பிடித்து முடிக்கப் பார்க்கிறோம். இடது காது நுனி வெட்டியிருந்தால் அது கருத்தடை ஆன பூனை. மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் வலி தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தே யார் பாக்கி என்று சொல்லிவிடலாம். காது நுனி வெட்டாத பூனை எதுவும் கண்ணில் படாத இடத்தில்தான் நம் வேலை முடிந்தது.

குட்டிகளை நாங்கள் திரும்ப விடுவதில்லை. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை மனிதக் கை பட்டால் குட்டி மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலம் தாண்டத் தாண்டக் கஷ்டம். அதனால் குட்டி கண்ணில் பட்டதும் எடுத்து ஒரு வீட்டில் வைத்துப் பழக்கி, தடுப்பூசி போட்டு, தத்துக் கொடுக்கிறோம். வளர்ந்த பூனையிலும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் உரசுவது இருக்கும். அது அநேகமாக யாரோ வளர்த்துக் கைவிட்டது, அதற்கும் வீடு தேடுவோம். மனிதரைக் கண்டாலே சுவரோடு ஒட்டிச் சீறும் பூனையை என்ன செய்ய? அதைக் கூண்டில் வைத்து வளர்ப்பதைத் தயவு என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் கீழ்த்தளத்துக்குத் திரும்பிப் போகிறது.

ஈசூன்வாசி:
தத்துக் கொடுக்கிறோம் என்று இன்று சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. நம்மில் முக்கால்வாசிக்கு மேல் வீவக வீட்டில்தான் இருக்கிறோம், அங்கே 1989 முதல் பூனை வளர்க்கவே தடை. தத்து எடுத்தவர்கள் ஒளித்து வளர்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் போதும், பூனை மறுபடி கீழ்த்தளத்துக்கு வந்துவிடும். 2024 செப்டம்பர் 1இல்தான் தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம், மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம். உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

என்னைக் கேட்டால், கையெழுத்து வாங்குகிறவர் கேட்க வேண்டியது இதைத்தான்: கீழ்த்தளத்துக்குப் புதுப் பூனை எங்கிருந்து வருகிறது? வீட்டில் வளர்த்துச் சலித்துப்போனவர்களிடமிருந்து. சிப் இருந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்து உள்ளேயே வளர்த்தால் பறவைக்கண் சொல்லும் பிரச்சினையும் குறையும்.

பிடோக்அக்கா:
இரண்டு என்ற வரம்பு எங்களைப் போன்றவர்களுக்கு இடிக்கிறது. ஏற்கெனவே இரண்டு இருக்கிற வீட்டில் நாலு குட்டியைப் பழக்குவதற்கு எப்படி வைத்துக்கொள்வது? குட்டிகளை வைத்துப் பழக்கத் தொண்டூழியர் வீடு கிடைக்காவிட்டால் தத்துக் கொடுக்கும் வேலையே நின்றுவிடும்.

தாதி_வேலை:
மூன்றாம்மாடிக்கு ஒரு வார்த்தை. பூனைக் கழிவிலிருந்து தொற்றும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பற்றிய பயம் நியாயம்தான், ஆனால் அளவு தெரிந்துகொள்ளுங்கள். பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான், முதல் தொற்றின்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரைக்கும், கழிவில் அந்தக் கிருமியை வெளியேற்றும். வெளியே வந்த கிருமியும் உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, மண்ணோடு வந்த காய்கறி, இவற்றின் வழியாகவும் வருகிறது. உங்கள் மனைவி பூனைக் கழிவையும் தோட்ட மண்ணையும் வெறுங்கையால் தொட வேண்டாம், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும், சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பூனை கீழே நடமாடுவதால் மட்டும் தொற்றிவிடாது.

மூன்றாம்மாடி:
பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நோய் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் சோறு? அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கருத்தடை செய்தாலும் காகிதத்தில் மீன் கிடந்தால் கரப்பான் வரும். துப்புரவு ஊழியர் ஒரு முதியவர், தினமும் குனிந்து பொறுக்குகிறார். அவர் பாவம் இல்லையா?

கூண்டுக்காரி:
இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். பூனைக்குச் சோறு வைப்பது இங்கே குற்றமில்லை, போட்டுவிட்டுப் போவது குப்பை போட்ட குற்றம், அபராதம் உண்டு. பிடோக்அக்கா கோபப்படக் கூடாது, அன்பாக வைத்தாலும் அப்படியே போட்டுவிட்டுப் போகும் சோறுதான் பூனைகளுக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்துக் கொடுக்கிறது. உலர்ந்த தீனி, ஒரு கிண்ணம், தினமும் ஒரே நேரம், யார் ஜன்னலுக்கும் கீழே இல்லாத ஓர் இடம். தின்று முடிக்கும்வரை நின்று, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நேரத்துக்கு வைத்தால் எங்களுக்கும் வசதி. எத்தனை பூனை என்று எண்ணலாம். அறுவைக்கு முந்தின நாள் தீனியை நிறுத்தினால் பசியில் தானாகக் கூண்டுக்குள் வரும். கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் சோறு கிடக்கிற புளோக்கில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றுகூடச் சிக்காது.

பிடோக்அக்கா:
கோபமில்லை. காகிதத்தில் வைப்பதை நிறுத்துகிறேன். ஆனால் எனக்கு முழங்கால் வலி, அரைமணி நேரம் நிற்க முடியாது. பக்கத்தில் யாராவது மாற்றி மாற்றி வந்தால் நடக்கும்.

பறவைக்கண்:
சோறு ஒழுங்காவது நல்லதுதான். என் எதிர்ப்பு அதனால் மாறவில்லை. குறைந்தபட்சம் ஒன்றாவது ஒப்புக்கொள்ளுங்கள்: காப்புக்காடு, சதுப்புநிலம் இவற்றை ஒட்டிய புளோக்குகளில் பிடித்த பூனையைத் திரும்ப விடக் கூடாது.

கூண்டுக்காரி:
சுங்கை பூலோ சதுப்புநிலம் மாதிரி இடத்தின் ஓரத்தில் விடுவது எனக்கும் சங்கடம்தான். ஆனால் சீறும் பூனைக்கு மாற்று இடம் வேண்டுமே. இடம் காட்டாமல் "விடாதே" என்றால் அது கருணைக்கொலை என்றுதான் முடியும், அதற்கு நான் துணைபோக மாட்டேன். அப்படிப்பட்ட பூனைகளுக்கு வேலி போட்ட இடம் ஒன்று கேட்டு மனுப் போடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

மூன்றாம்மாடி:
சரி, இந்த மனுவை இப்போதைக்குத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு நிபந்தனை. என் ஜன்னலடியில் சோறு வைப்பது இந்த வாரமே நிற்க வேண்டும். கூண்டுக்காரி அக்கா எங்கள் புளோக்கில் எத்தனை பூனைக்கு இன்னும் காது வெட்டவில்லை என்று வந்து பார்க்க வேண்டும். கூண்டு தூக்க நான் வருகிறேன், கார் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகும் ராத்திரிக் கத்தல் ஓயவில்லை என்றால் அந்த மனுவை நானே எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன்.

பறவைக்கண்:
எங்கள் புளோக்கிலும் அதே மனு வந்தது. நான் போட்டுவிட்டேன். வேலி போட்ட இடத்துக்கான மனுவை எழுதி இந்த வாரக் கடைசியில் இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.