சிட்டகாங் மலைப்பகுதி: எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சிக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆழிவாணி

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நார்வேயில் உள்ள ஒரு சிறிய நிதியமைப்பில், நிதி கேட்டு வரும் திட்ட விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துரைப்பது என் வேலை. வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில், பந்தர்பன் மாவட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு நடத்தவிருக்கும் ஒரு வாழ்வாதாரத் திட்டம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. காட்டை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டு விதைத்துவிட்டு நிலத்தை ஆறப்போடும் ஜூம் முறையில் பயிரிடுகிற குடும்பங்களுக்கு மாங்கன்றும் முந்திரிக் கன்றும் காப்பி நாற்றும் கொடுத்து, அவர்களை நிலையான தோட்டப் பயிருக்கு மாற்றுவதே திட்டத்தின் சாரம். (இலங்கையில் இதைச் சேனைப் பயிர்ச்செய்கை என்பார்கள்; பழந்தமிழில் இதற்குப் புனம் என்ற அழகான சொல் இருக்கிறது.)

அங்கே பழங்குடியினரின் ஆயுத அமைப்புக்கும் அரசுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த ஆயுதப் போர் 1997 டிசம்பர் 2 அன்று கையெழுத்தான உடன்பாட்டோடு முடிந்தது என்பதும், பதினொரு பழங்குடி மக்கள் ராங்காமாட்டி, காக்ராச்சரி, பந்தர்பன் ஆகிய மூன்று மாவட்டங்களில் வாழ்கிறார்கள் என்பதும், நாட்டின் மிக வறிய பகுதிகளுள் அது ஒன்று என்பதும் நான் அறிந்தவை. விண்ணப்பத்தில் "எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி" என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் யார் இதுவரை வெளியே நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. பார்வைக்கு நல்ல திட்டமாகவே தெரிகிறது. ஆயினும் படிக்கப் படிக்க ஏதோ ஒன்று உறுத்துகிறது. அப்பகுதியை அறிந்தவர்கள் இதற்கு நிதி அளிக்கலாமா, அளிப்பதானால் எதை முதலில் கேட்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1: நிலவரை

அன்புள்ள ஆழிவாணி அவர்களுக்கு,

டாக்காவில் இருந்த சில ஆண்டுகளில் நிலச் சட்டம் தொடர்பான வேலைக்காக அந்த மலைகளுக்கு அடிக்கடி போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை உறுத்துவது எதுவென்று எனக்குத் தெரிகிறது. அந்த மலையில் ஒரு மாங்கன்றை நடுவது வெறும் வேளாண் வேலை அன்று. நிலத்தின் உரிமையையே மாற்றும் செயல் அது.

ஜூம் நிலத்துக்கு யாரிடமும் பட்டா கிடையாது. 1900ஆம் ஆண்டின் மலைப்பகுதி ஒழுங்குவிதியின் வழியே நிலைத்த மரபின்படி, சில ஊர்கள் சேர்ந்த வரி வட்டமான ஒரு மௌசாவுக்குள் இந்த ஆண்டு எந்தக் குடும்பம் எந்தச் சரிவில் விதைக்கும் என்பதை, மௌசாவின் தலைவரான ஹெட்மேனும், பாரா எனப்படும் சிற்றூர்களின் தலைவர்களான கார்பாரிகளும் ஒழுங்குசெய்கிறார்கள். ஜூம் வரியும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கப்படுகிறதே தவிர, நிலத்தின் அளவைப் பார்த்து வாங்கப்படுவதில்லை. ஆகவே வரி கட்டிய சீட்டு, அவர் ஜூம் செய்பவர் என்பதைக் காட்டுமே அன்றி, இன்ன சரிவு அவருடையது என்பதைக் காட்டாது. ஊருக்குப் பொதுவான அந்தச் சரிவில் நாற்பது ஆண்டு நிற்கக்கூடிய மரத்தை ஒரு குடும்பம் நட்டால், அடுத்த சுற்றில் அந்த நிலம் ஊருக்குத் திரும்பாது. கன்று வாங்கக் கையில் கொஞ்சம் பணமும், காய்க்கும்வரை காத்திருக்க வேறு வருமானமும், அலுவலகத்தில் பேசத் தெரிந்த ஒரு மகனும் உள்ள குடும்பமே முதலில் நடும். மற்றவர்களுக்கு ஆறப்போடும் காலம் சுருங்கும், மண் கெடும். பிறகு அவர்களையே "காட்டை அழிப்பவர்கள்" என்று அறிக்கைகளில் எழுதுவார்கள்.

இது கற்பனை அச்சம் இல்லை. 1980களிலிருந்து பந்தர்பனின் லாமா, அலிகடம், நைக்கோங்சரி வட்டாரங்களில் ரப்பருக்கும் பழத்தோட்டத்துக்கும் என்று இருபத்தைந்து ஏக்கர் மனைகளாக மலைச்சரிவுகள் குத்தகைக்கு விடப்பட்டன. பெற்றவர்களில் பெரும்பாலோர் மலைக்கு வெளியே இருந்தவர்கள். பத்து ஆண்டுகளாகப் பயன்படுத்தாத குத்தகைகள் நீக்கப்படும் என்று 1997 உடன்பாடு சொன்னது. 2022 ஏப்ரலில் லாமாவில், ரப்பர் குத்தகைத் தகராறு இருந்த இடத்தில், ம்ரோ, திரிபுரா மக்களின் மூன்று பாராக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 350 ஏக்கர் ஜூம் நிலமும் தோட்டங்களும் எரிந்தன. இந்த வரலாற்றைக் கண்டவர்களிடம் போய் "தோட்டம்" என்ற சொல்லைச் சொன்னால், அவர்கள் காதில் விழுவது நீங்கள் சொன்னதாக இருக்காது.

இன்னும் பின்னால் போனால் காப்தாய் அணை இருக்கிறது. கர்ணபுலி ஆற்றின் குறுக்கே 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை 54,000 ஏக்கர் விளைநிலத்தை, அதாவது அப்பகுதியின் நல்ல நெல்வயலில் ஐந்தில் இரண்டு பங்கை மூழ்கடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அதுவும் அந்நாளில் வளர்ச்சித் திட்டம்தான், மின்சாரம் தரும் திட்டம். தண்ணீருக்கு மேலே ஒதுங்கியவர்கள் மூச்சுவிடுவதற்குள், 1979 தொடங்கிச் சில ஆண்டுகளில் சமவெளியிலிருந்து ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை அரசு மலைக்குக் கொண்டுவந்து குடியேற்றியது. 1951இல் மலைமக்கள், அதாவது அந்தப் பழங்குடி மக்கள், பத்துக்கு ஒன்பது பேராக இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறக்குறையச் சரிபாதி.

போரின் வேர் இந்த நிலக் கணக்கில் இருந்ததால்தான் உடன்பாட்டில் நிலத் தகராறு ஆணையம் இடம்பெற்றது. அதற்கான சட்டம் 2001இல் வந்தது. தலைவர் ஒருவரே முடிவெடுக்கலாம் என்ற பிரிவை மலைமக்கள் எதிர்த்ததால் 2016இல் அது திருத்தப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்திருக்கின்றன. நடைமுறை விதிகள் வகுக்கப்படாமல் ஆணையம் முடங்கிக் கிடந்தது. மூன்று மாவட்டங்களின் நிர்வாகத்துக்காக அமைந்த மாவட்ட மன்றங்களின் கதையும் இதோடு பின்னியது. அவற்றுக்கு 1989இல் நடந்ததுதான் ஒரே தேர்தல். அதன்பின் அரசு நியமித்த இடைக்கால மன்றங்களே நடத்திவருகின்றன. நிலையான குடியிருப்பாளர்களின் தனி வாக்காளர் பட்டியல் வேண்டும் என்கிறது உடன்பாடு. மலைமக்கள் அல்லாதார் அதில் சேர, மலையில் சட்டப்படியான நிலம் இருக்க வேண்டும். நிலக் கணக்கு தீராமல் பட்டியல் இல்லை, பட்டியல் இல்லாமல் தேர்தல் இல்லை.

ஆகவே நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: ஒவ்வொரு பாராவிலும் எந்தச் சரிவில் நடப்போகிறார்கள், அது பொதுநிலமா, நட்டபின் அது யாருடையது என்று ஊர் கூடி முடிவெடுத்ததா? விண்ணப்பதாரரிடம் இதற்குப் பதில் இல்லையென்றால் நிதி அளிக்க வேண்டாம்.

மறுமொழி 2: மருத்துவர் குமரவேள்

நிலவரை ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோனால், ஆணையம் கண் விழிக்கும்வரை யாரும் எதுவும் செய்யக் கூடாது என்ற இடத்தில் போய் நிற்கும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை ஆணையத்துக்காகக் காத்திருக்காது. பொதுச் சுகாதாரப் பணியில் மலேரியாவோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் நான். வங்கதேசத்தின் மலேரியா நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த மூன்று மாவட்டங்களில்தான் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ராங்காமாட்டியின் சாஜேக் மலையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். உலகமே வேறொரு நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாதம் அது. தடுப்பூசி கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், நடந்தே போகவேண்டிய அந்தப் பாராக்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

நிலத்தைத் தொடாமலே நன்றாக நடந்த வேலைகள் அங்கே உண்டு. 1980களில் யுனிசெஃப் துணையோடு மலைப்பகுதி வளர்ச்சி வாரியம் தொடங்கிய பாரா மையங்கள் 2018இல் நான்காயிரத்தை எட்டின. அமைப்பு மிக எளியது: மூங்கில் தட்டிச் சுவர் வைத்த ஓர் அறை, அதே பாராவைச் சேர்ந்த ஒரு பெண் பணியாளர், காலையில் சிறு குழந்தைகளுக்குப் பாடம், மற்ற நேரத்தில் கருவுற்ற பெண்களைப் பார்ப்பது, தடுப்பூசிக்கு நாள் சொல்வது, கை கழுவச் சொல்லிக்கொடுப்பது. அந்தப் பெண் ஊர்மொழியில் பேசுகிறாள் என்பதே அதன் முழு இரகசியம். பள்ளியில் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. முதல் வகுப்பில் எல்லாம் வங்க மொழி. 2017இல் சக்மா, மர்மா, திரிபுரா மொழிகளில் அரசு முன்பருவ நூல்களை அச்சிட்டது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த எழுத்தில் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதிய அளவு இல்லாததால், பல பள்ளிகளில் புத்தகம் அலமாரியில் இருந்தது.

மூன்று ஆண்டுப் பணத்தில் நிலத் தகராற்றைத் தீர்க்க முடியாது. ஆசிரியர்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்க முடியும். வேனிலில் வற்றும் ஊற்றுகளைக் காக்கும் ஊர்ப் பொதுக்காடுகளுக்குத் துணைநிற்க முடியும். இந்தப் பொதுக்காடுகளை யாரும் சொல்லிக்கொடுக்காமல் பாராக்களே காத்துவருகின்றன. மூங்கிலும் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகின்றன. என்னைக் கேட்டால், தோட்டத்துக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை இவற்றுக்குத் திருப்பச் சொல்வேன்.

மறுமொழி 3: கயல்

மேலே இருவரும் "மலைமக்கள்" என்று ஒரே சொல்லால் சொல்கிறீர்கள். விண்ணப்பமும் அப்படித்தான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் யார் மறைகிறார்கள் என்பதையும் ஆழிவாணி கேட்க வேண்டும்.

உடன்பாட்டின்படி மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக அமைந்த மண்டல மன்றத்தில், பழங்குடி ஆண்களுக்கான பன்னிரண்டு இடங்களில் சக்மாக்களுக்கு ஐந்து, மர்மாக்களுக்கு மூன்று, திரிபுராக்களுக்கு இரண்டு, ம்ரோக்களுக்கும் தஞ்சங்கியாக்களுக்கும் சேர்த்து ஒன்று. மிச்சமுள்ள ஒரே இடம் லுசாய், பாவ்ம், பாங்குவா, கூமி, சாக், கியாங் ஆகிய ஆறு மக்களுக்கும் பொது. மக்கள்தொகைப்படி இது நியாயம் என்று வாதாடலாம். ஆனால் தொண்டு நிறுவன வேலைகளும் அதே வரிசையில்தான் போகின்றன: படித்தவர்கள் எந்த இனத்தில் மிகுதியோ அந்த இனத்தவர் களப்பணியாளர் ஆகிறார், அவர் மொழி தெரிந்த பாராவே பயனாளிப் பட்டியலில் முதலில் ஏறுகிறது. பந்தர்பனில் கூமி பாராக்கள் பெரும்பாலும் மிக உயரத்தில், சாலைக்கு மிகத் தொலைவில் இருக்கின்றன. திட்டம் எத்தனை பாராக்களில் என்று கேட்பதைவிட, சாலையிலிருந்து எத்தனை மணி நேர நடையில் என்று கேட்டால் உண்மை விளங்கும்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். மரபுரிமையைக் காப்பது என்று நிலவரை ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த மரபில், மகன்கள் இருக்கும் சக்மா வீட்டில் மகளுக்கு நிலத்தில் பங்கு இல்லை. மர்மாக்களிடையே ஓரளவு உண்டு. சக்மா வட்டத்தில் (சக்மாக்களின் மரபுவழி அரசரின் ஆளுகைப் பகுதி) அரசர் பெண்களைக் கார்பாரிகளாக நியமிக்கத் தொடங்கியது, மரபும் உள்ளிருந்தே அசையும் என்பதைக் காட்டியது. ஊர் கூடி முடிவெடுத்தது என்று யாராவது எழுதித் தந்தால், கூடியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. கொண்டுவந்து குடியேற்றப்பட்ட வங்காளிகளில் பெரும்பாலோரும் சமவெளியில் நிலமற்ற ஏழைகளாக இருந்தவர்கள். நிலம் தருவதாகச் சொல்லி அழைத்துவந்து, கடைசியில் பலரைக் குச்சகிராம் எனப்படும் கூட்டுக் குடியிருப்புகளில் அரசின் அரிசிப் பங்கீட்டில் வைத்திருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்த கொள்கை அநீதி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடலாமா என்பது வேறு கேள்வி. மருத்துவத்தையும் பள்ளியையும் எல்லோருக்கும் திறந்து வையுங்கள். நிலத்தைத் தொடும் எதையும் ஹெட்மேனின் இசைவும் மாவட்ட மன்றத்தின் முன் ஒப்புதலும் இல்லாமல் செய்யாதீர்கள்.

ஆழிவாணி

மூவருக்கும் நன்றி. உறுத்தியது எது என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரிகிறது: விண்ணப்பத்தில் கன்றுகளின் எண்ணிக்கை இருக்கிறது, நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நட்ட நிலம் யாருடையதாகும், பாராக்கள் எவ்வளவு தொலைவில், கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்ற மூன்றையும் கேட்டுத் திருப்பி அனுப்பப்போகிறேன். மருத்துவர் ஐயா சொன்னபடி ஊற்றுகளுக்கும் பொதுக்காட்டுக்கும் ஒரு பகுதியை மாற்ற முடியுமா என்றும் கேட்கிறேன். ஊர்க் கூட்டங்களைச் செப்டெம்பரில் நடத்துவதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் என் கேள்விகள் போய்ச் சேர்ந்துவிடும்.

நிலவரை

செப்டெம்பர் வேண்டாம் அம்மா. அது ஜூம் நெல் அறுக்கும் காலம். பன்றியும் கிளியும் கதிரை அழிக்காமல் காக்கக் குடும்பம் குடும்பமாக மலைச்சரிவுக் குடிசைகளில் போய்த் தங்கிவிடுவார்கள். பாராவில் கூட்டம் போட்டால் முதியவர்களும், கடை வைத்திருப்பவர்களும், ஏற்கெனவே தோட்டம் உள்ளவர்களும்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அறுவடை முடிந்து, அடுத்த ஆண்டுக்கான சரிவுகளைப் பிரித்துக்கொள்ள ஊரே கூடும் நாள்களாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். எந்த நிலம் பொது, எது யார் கையில் என்பதை அப்போது அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.