லயத்துச் சொந்தங்கள் குழு: டவுன் தியேட்டர் விசயம்

சனிக்கிழமை

நான்: எல்லாருக்கும் வணக்கம், பசியாறியாச்சா? கோயில் திருவிழா மலருக்கு நம்ம டவுன்ல இருந்த ரெண்டு தியேட்டரப் பத்தி எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. எப்ப கட்டுனது, எப்ப மூடுனது, யாருக்காச்சும் தெரியுமா? பழைய போட்டோ இருந்தாலும் போடுங்க.

சின்ன மாமா ஜோகூர்: மூடுனது 82. அடிச்சுச் சொல்றேன்.

அண்ணன்: 82ஆ? நான் பொறந்ததே 79 மாமா. ஸ்கூல் முடிஞ்சு நானே நடந்து போயி படம் பாத்திருக்கேன்.

சின்ன மாமா ஜோகூர்: நீ பாத்தது வீடியோவா இருக்கும்

அண்ணன்: வீடியோவுக்கு யாரு மாமா வாசல்ல நின்னு டிக்கெட் கிழிச்சா

அத்தை கிள்ளான்: எந்தத் தியேட்டர்? பசார் பக்கத்துப் பலகைத் தியேட்டரா, ஸ்டேஷன் ரோட்டுக் கல்லுத் தியேட்டரா? அதச் சொல்லாம ரெண்டு பேரும் காலையிலேயே முட்டிக்கிறீங்க.

சின்ன மாமா ஜோகூர்: பலகைத் தியேட்டர்

அண்ணன்: நான் சொன்னது கல்லுத் தியேட்டர் 😄

அத்தை கிள்ளான்: சரியாப் போச்சு

நான்: அப்ப பலகைத் தியேட்டர் 82 வாக்குலன்னு எழுதிக்கிறேன். வேற யாராச்சும் மறுத்தா சொல்லுங்க.

பெரிய மாமா ஈப்போ: அது சரிதான். கூரைத் தகரம் பறந்த வருசம். தவுக்கே, அதான் தியேட்டர் மொதலாளி, திருப்பிப் போடல. மூட்டைப்பூச்சிக்குக் கூட அதுக்கப்புறம் அங்க வேலையில்ல.

கோயில் செயலாளர்: வணக்கம். நமக்கு ரெண்டு பக்கம்தான் ஒதுக்கியிருக்கு. தியேட்டர் எப்ப வந்தது, வீடியோ வந்ததால மூடுச்சு, அவ்வளவு போதும். மிச்சத்துக்கு உபயகாரங்க விளம்பரம் வருது.

அத்தை கிள்ளான்: வாசல்ல நின்ன கச்சாங் பூத்தேக்காரருக்கே ரெண்டு பக்கம் வேணுமே ஐயா. சைக்கிள்ல மரப்பெட்டி கட்டி, அதுல பத்துப் பன்னெண்டு அறை. வறுத்த பட்டாணி, காரக் கடலை, முறுக்கு, அவிச்ச கடலை. ஸ்கூல் நோட்டுத் தாளச் சுருட்டிக் கூம்பு போட்டுக் குடுப்பாரு. ஒருநாள் அண்ணன் மார்க் வாங்குன கணக்குத் தாளே எங்க கைக்கு வந்துச்சு, நூத்துக்கு பதினாலு.

பெரிய மாமா ஈப்போ: அந்த அண்ணன் யாருன்னு சொல்லத் தேவையில்ல.

நான்: 😂 அவரு புந்தோங் ஆளுதானே?

பெரிய மாமா ஈப்போ: ஆமா. ஈப்போ புந்தோங்ல கம்போங் கச்சாங் பூத்தேன்னு ஒரு இடமே இருக்கு. இன்னைக்கும் அங்க போயி வாங்கலாம். பேராக் முழுக்கத் தியேட்டர் வாசலுக்கெல்லாம் அங்கேருந்துதான் சரக்கு.

அத்தை கிள்ளான்: ஆயா பக்கத்துல இருக்காங்க. குரல் பதிவு போடத் தெரியல, நானே தட்டுறேன். ஆயா சொல்றது: அவங்க சின்ன வயசுல அவசர காலம், காட்டுல இருந்த கம்யூனிஸ்ட்டுங்களோட அரசாங்கம் சண்டை போட்ட நேரம். 1948ல சுங்கை சிப்புட்ல வெள்ளைக்காரத் தொரைங்களச் சுட்டதுக்கப்புறம் ரப்பர் தோட்டத்த முள்ளுக்கம்பிக்குள்ள போட்டாங்க. கேட்டுல ஆளத் தேடித்தான் வெளிய விடுவாங்க. சோத்துப் பொட்டலம் எடுத்துட்டுப் போக முடியாது. காட்டுக்காரனுக்குப் போவுதுன்னு புடிச்சிருவாங்க. படம் பாக்கப் போனா பகல் ஆட்டம்தான், ஊரடங்குக்கு முன்னாடி தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திரணும். பாதிப் படத்துல எந்திரிச்சு ஓடி வந்திருக்காங்களாம், வில்லன் செத்தானா இல்லையான்னு இன்னைக்கும் தெரியாதாம்.

அண்ணி: ஆயாவுக்கு யூடியூப்ல அந்தப் படத்தத் தேடிக் குடுங்களேன்

அத்தை கிள்ளான்: படத்துப் பேரும் மறந்துபோச்சும்மா

நான்: தோட்டத்துக்குள்ளயே திடல் படம் போடுவாங்கன்னு அம்மா சொல்லுவாங்க.

அத்தை கிள்ளான்: அது வேற. தகவல் இலாகா வேன் வரும். மொதல்ல அரசாங்கப் படம். கொசு எப்படி வளருது, பிள்ளைக்கு எப்படிப் பால் குடுக்கணும், கம்யூனிஸ்ட்டு சரணடைஞ்சா என்ன கெடைக்கும். மலாயன் ஃபிலிம் யூனிட்ன்னு 1946ல ஆரம்பிச்சது, அவங்க எடுத்த படங்க. அதப் பொறுமையாப் பாத்தாத்தான் கடைசில ஒரு தமிழ்ப் படம். வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கமும் பாய் போட்டு ஒக்காருவோம். அங்க பாத்தா எல்லாரும் எடது கைலதான் வாள் சண்டை போடுவாங்க.

சின்ன மாமா ஜோகூர்: மருந்து விக்கிற கம்பெனிக்காரனும் வேன்ல வந்து படம் போடுவான். நடுவுல நிப்பாட்டி டானிக் விப்பான். வாங்கலன்னா அடுத்த ரீலு ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன்: ‹படம்› காலையில மோட்டோ எடுத்துட்டுப் போயி கல்லுத் தியேட்டரப் புடிச்சேன். மேல முகப்புல பேரு எழுத்தெல்லாம் பேத்து எடுத்துட்டாங்க, ஆணி ஓட்டை மட்டும் வரிசையா இருக்கு. ஆனா கீழ சிமெண்டுல 1938ன்னு வருசம் அப்படியே நிக்குது. பெயிண்ட் அடிச்சும் மறையல.

நான்: அருமை அண்ணே! கட்டுன வருசம் கெடைச்சிருச்சு.

அண்ணன்: உள்ள போக முடியல. இப்ப வாலிட் குருவிக்கு விட்டிருக்காங்க. சமைச்சுச் சாப்பிடுற அந்தக் கூட்டுக்காக. சன்னலெல்லாம் செங்கல் வச்சு அடைச்சு, எலி நுழையாத மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. கூரை மேல ஒலிபெருக்கி வச்சு நாள் பூரா குருவிச் சத்தம் ஓடுது.

பெரிய மாமா ஈப்போ: தியேட்டர் கட்டடம் அதுக்கு வசதி. ஏற்கனவே சன்னல் கம்மி, இருட்டு, ஒயரமான கூரை, ஈரம். பேராக்ல பல ஊர்ல இதான் கதை. கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, கதை வேற. கொலிசியம் தியேட்டர் 1921லேருந்து. ரெக்ஸ் தியேட்டர் 1972ல எரிஞ்சு, 76ல புதுசாக் கட்டி, 2002ல மூடி, இப்ப சாப்பாட்டுக் கடையும் புத்தகக் கடையுமா இருக்கு. நம்ம ஊரப் பத்தி எழுத எந்தப் பத்திரிகைக்காரன் வந்தான்?

நான்: பத்திரிகையில தேடிப் பாத்தேன் மாமா. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பரெல்லாம் இணையத்துல போட்டிருக்கு, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு எல்லாம் இருக்கு. நம்ம ஊர் பேரப் போட்டா ரப்பர் விலை, ரயில் தடம் புரண்டது, அவசர காலச் சண்டை, இதுதான் வருது. சினிமா விளம்பரம் வந்தா சிங்கப்பூரு, கேஎல், ஈப்போ. ஓடுற படத்த நோட்டீஸ் அடிச்சே சொல்ற ஊருக்குப் பேப்பர்ல எதுக்கு விளம்பரம்.

சின்ன மாமா ஜோகூர்: அப்ப படத்த வச்சு கண்டுபிடி. தம்பி கடைசியாப் பாத்த ரஜினி படம் எந்த வருசம்னு பாரு, அதான் மூடுன வருசம்.

பெரிய மாமா ஈப்போ: அது மட்டும் செய்யாதீங்க. நம்ம ஊருக்குப் புதுப் படப்பெட்டி வராது. கேஎல், பினாங்கு, ஈப்போன்னு ஓடி, கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு அப்புறம்தான் வரும். பாட்டு நடுவுல வெட்டுப்பட்டு எம்ஜிஆர் மலேலேருந்து ஒரே தாவா கடற்கரைக்கு வந்திருவாரு. படம் வந்த வருசத்துக்கும் நம்ம ஊர்ல ஓடுன வருசத்துக்கும் ரெண்டு மூணு வருசம்கூட இருக்கும்.

அண்ணன்: மாமா, நீங்க பெட்டி தூக்குனத எழுதுங்க. நானும் முழுசாக் கேட்டதில்ல.

பெரிய மாமா ஈப்போ: எழுதுறேன், கண்ணு தெரியல, மெதுவா வரும்.

பெரிய மாமா ஈப்போ: ஒரு பெட்டிய ரெண்டு ஊர்த் தியேட்டர் பங்கு போடும். இங்க ஆட்டம் ஏழு மணி, பக்கத்து ஊர்ல எட்டு. ஒரு ரீலு 2000 அடி, இருபது நிமிசம் சொச்சம் ஓடும். ரெண்டு ரீலு முடிஞ்சதும் டப்பாவுல போட்டு மோட்டோ பின்னால கட்டி நான் கெளம்பணும். நடுவுல ரயில் கேட்டு. கேட்டு மூடிட்டான்னா அந்த ஊர்ல விசில் பறக்கும். சோப்பு விளம்பர ஸ்லைடையே மாத்தி மாத்திப் போட்டுச் சமாளிப்பாங்க. மழைன்னா டப்பாவுக்குத்தான் மழைக்கோட்டு, எனக்கில்ல.

பெரிய மாமா ஈப்போ: மேல ரெண்டு மிஷின். ஒரு ரீலு முடியப் போறப்ப தெரையில வலது மேல் மூலையில சின்னதா ஒரு வட்டம் மின்னும். அதப் பாத்து ரெண்டாவது மிஷின் மோட்டார ஓடவிடணும். ஏழெட்டு நொடில இன்னொரு வட்டம், அப்ப மாத்தணும். கீழ ஒக்காந்தவனுக்குத் தெரியக்கூடாது. வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி, மேல செம்புப் பூச்சு. ரெண்டு குச்சிக்கும் நடுவுல நெருப்பு, கண்ணாலப் பாக்க முடியாது, கருப்புக் கண்ணாடி வழியாத்தான். எரிஞ்சு குட்டையானத எங்களுக்குத் தருவாரு ஆபரேட்டர். அதான் எங்க வீட்டு சாக்பீசு.

அண்ணி: இத அப்படியே மலர்ல போடுங்க கவி, ஒரு எழுத்து மாத்தாதீங்க

பெரிய மாமா ஈப்போ: தமிழ்ப் படம் மட்டுமில்ல. சீனப் படம், இந்தி, மலாய். பி. ரம்லி மொதமொதல்ல கதாநாயகனா நடிச்ச 'பக்தி', 1950. டைரக்டர் யாரு? எல். கிருஷ்ணன், நம்ம ஆளு. மலாய்க்காரங்க அவ்வளவு பேரு பாத்த படத்த எடுத்தது ஒரு தமிழரு. அதையும் எழுதும்மா, பிள்ளைங்களுக்குத் தெரியட்டும்.

கோயில் செயலாளர்: நல்ல தகவல். கண்டிப்பாப் போடலாம். ஆனா மூடுனதுக்குக் காரணம் ஒரே வரிதானே, வீடியோ.

பெரிய மாமா ஈப்போ: இல்ல ஐயா. வீடியோ வந்தப்பவும் தியேட்டர் ஓடுச்சு.

கோயில் செயலாளர்: வீடியோ, டிவி, டிவி3 எல்லாம்தானே. ஊரே அதான் சொல்லுது.

பெரிய மாமா ஈப்போ: டிவி 63 கடைசிலேயே வந்திருச்சு. லயத்துல அப்ப கரண்டு ஏது? ஜெனரேட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடும், அதோட சரி. நான் பெட்டி தூக்குனவன், எந்த ராத்திரி கூட்டம், எந்த ராத்திரி காலி நாக்காலின்னு எனக்குத் தெரியும். கூட்டம் சம்பள வாரத்துல. 1955 வேலைச் சட்டப்படி மாசம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள சம்பளம் போட்டாகணும். அதனால தமிழ்ப் படம் எப்பவும் மாசத் தொடக்கத்துல. மொதல்ல மளிகைக் கடன் கட்டுவோம், மிச்சத்துல படம். சம்பளச் சனிக்கிழமை தோட்டத்து லோரி வரும், கங்காணி பேரு கூப்பிட்டு ஏத்துவாரு, சனம் மொத்தமும் தியேட்டர் வாசல்ல எறங்கும். மத்த வாரமெல்லாம் சீனப் படம். தவுக்கே தமிழ்ப் படத்த எடுத்ததே அந்த ஒரு லோரிய நம்பி.

அத்தை கிள்ளான்: ஆமா, லோரிக்குப் பின்னாடி பொம்பளைங்களுக்கு ஒரு பக்கம் பலகை போட்டிருக்கும். எறங்குறப்ப சேலை கிழியாத நாளே இல்ல.

பெரிய மாமா ஈப்போ: தோட்டத்தத் துண்டு போட்டு வித்தாங்க. ரப்பர அழிச்சு செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை. செம்பனைக்குப் பால்மரம் மாதிரி ஆளு வேணாம். சனம் ஷா ஆலம், கிள்ளான், ஜோகூர்னு ஃபேக்டரிக்குப் போச்சு. லோரி நின்னுச்சு. அதோட முடிஞ்சுது.

கோயில் செயலாளர்: அதுக்கு ஆதாரம் வேணுமே. மலர்ல போட்டா நாலு பேரு கேப்பாங்க.

அத்தை கிள்ளான்: ‹படம்› பெட்டியில கெடந்துச்சு. கல்லுத் தியேட்டர் டிக்கெட்டு. பாதி கிழிஞ்சது. வெல மட்டும் தெரியுது.

அண்ணன்: வெலைக்கு முன்னாடி டாலர் குறி இருக்கு. 1975லேயே காசுக்குப் பேரு ரிங்கிட்னு ஆச்சு, ஆனா ஆர்எம் குறி வந்தது 1993ல. அதனால இது 93க்கு முன்னாடி.

அத்தை கிள்ளான்: அது டிக்கெட் இல்லாமலேயே எங்களுக்குத் தெரியும்பா

அண்ணி: ஒரு நிமிசம். எங்கப்பா அங்கதானே டிக்கெட் கவுண்டர்ல இருந்தாரு. அவரோட ஈபிஎஃப் (சேமநிதி) பேப்பர் ஏதாச்சும் இருக்கான்னு அம்மாகிட்டக் கேக்குறேன். மொதலாளி எந்த மாசம் வரைக்கும் கட்டுனாருன்னு அதுல வரும்ல?

நான்: அண்ணி! இது யாருக்கும் தோணல பாருங்க.

திங்கட்கிழமை

அண்ணி: ‹படம்› அம்மா அலமாரி அடியில பிளாஸ்டிக் பையில கட்டி வச்சிருந்தாங்க. தியேட்டர் மொதலாளி கட்டுன கடைசி மாசம் 1988 மார்ச். அதுக்கடுத்து வருசக் கணக்குல புதுசா எதுவும் ஏறல.

அண்ணன்: 88. எனக்கு ஒம்பது வயசு. சரியா வருது.

சின்ன மாமா ஜோகூர்: தோட்டத்த வித்தது 87 கடைசி. என் சம்பள சீட்டு இருக்கு, கடைசி சீட்டு டிசம்பர்.

பெரிய மாமா ஈப்போ: பாத்தீங்களா ஐயா. நம்ம ஊர்ல வீடியோக் கடை எப்ப வந்துச்சு?

கோயில் செயலாளர்: 81. என் மச்சான் கடைதான்.

பெரிய மாமா ஈப்போ: ஏழு வருசம் வீடியோவோட சேந்தே ஓடுன தியேட்டர் ஐயா. லோரி நின்னு மூணு மாசம் தாங்கல.

கோயில் செயலாளர்: வீடியோவும் ஒரு காரணம்னு போட்டுக்கலாமா?

பெரிய மாமா ஈப்போ: போடுங்க. ரெண்டாவதாப் போடுங்க.

கோயில் செயலாளர்: சரி. ஒரு விளம்பரத்தப் பின் அட்டைக்கு மாத்திட்டு மூணு பக்கம் தரேன். புதன்கிழமை அச்சகத்துக்குப் போவணும்.

நான்: நாளைக்கு லேண்ட் ஆபீஸ்ல அந்த நிலத்துக்கு ஒரு தேடல் போடலாம்னு இருக்கேன். பலகைத் தியேட்டர் நிலம் இப்ப யாரு பேருல இருக்குன்னு தெரிஞ்சா அதையும் சேத்துரலாம். அண்ணே, லாட் நம்பர் சுக்கை பிந்து (வீட்டு வரி) பில்லுல இருக்குமா?

அண்ணன்: இருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கிட்டக் கேட்டு அனுப்புறேன்.

அண்ணி: கவி, அப்பா ஈபிஎஃப் பேப்பர மலர்ல போட்டா ஐசி (அடையாள அட்டை) நம்பர மறைச்சுப் போடு. பேரு இருக்கட்டும்.