காத்து திரும்பாத மதியம்: கடலூர், புதுச்சேரி வெயில்ல உங்களுக்கு நடந்தது

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

போன வருஷம் ஜூன் முதல் வாரம். கத்திரி முடிஞ்சு நாலஞ்சு நாள் ஆகியிருக்கும். செம்மண்டலத்துல ஒரு வீட்டுக்கு மேல்தளம் போடுற வேலை, நான்தான் மேஸ்திரி. காலைல போன்ல பார்த்தேன், 37னு போட்டிருந்துச்சு. கடலூருக்கு 37 ஒரு வெயிலான்னு நெனச்சு ஏழரைக்குக் கலவை மிஷினை ஓட்டிட்டோம்.

தளம் போடுற வேலை தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பாதில நிறுத்துனா அந்த எடத்துல ஜாயின்ட் விழும், பின்னாடி மழைக்கு ஒழுகும். தொடங்குனா முடிச்சுதான் ஆகணும். எப்பவும் பதினொன்றரை, பன்னெண்டுக்குள்ள கிழக்கேருந்து காத்து வந்துரும். அதை நம்பித்தான் நாங்க வேலையே வச்சுக்கறது. அன்னிக்கு வரல. தூண் கம்பியில கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் காலைலேருந்து கடல் பக்கமாவே உப்பிக்கிட்டு நின்னுது. ஒரு மணி ஆச்சு, ஒன்றரை ஆச்சு, ரெண்டாச்சு. காத்து நல்லாத்தான் அடிக்குது. ஆனா மேற்கேருந்து, காஞ்ச காத்து. வேர்க்கறதே தெரியல, உதடு மட்டும் வெடிக்குது.

சித்தாள் அக்கா ஒருத்தங்க. அம்பது வயசு இருக்கும், எட்டு வருஷமா என்கிட்ட வேலை. தலையில கலவைப் பாண்டோட சாரத்துல பாதி ஏறி நின்னுட்டாங்க. என்னை அண்ணாந்து பார்த்து, "தம்பி, மழை வருதா?"ன்னாங்க. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. "என்னக்கா சொல்றீங்க"ன்னேன். "குளுருதே"ன்னு கையை நீட்டிக் காட்டினாங்க. மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது.

நான், "கீழ போய் அஞ்சு நிமிஷம் உக்காருங்கக்கா"ன்னு சொல்லிட்டு அடுத்த பாண்டை வாங்கினேன். அவ்வளவுதான் செஞ்சேன். கொஞ்ச நேரத்துல மணல் குவியல் மேல சாஞ்சுட்டாங்க, கூப்ட்டா பேச்சு குழறுது. டிரம் தண்ணியைத் தூக்கி மேல ஊத்தி, 108க்கு அடிச்சோம். பொழச்சுட்டாங்க. ஆனா அந்த "மழை வருதா" இன்னும் என்னை விடல. கேட்ட நிமிஷமே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

உங்களுக்கு இந்த மாதிரி ஒரு நாள் இருந்தா எழுதுங்க.

ஓ.டி. துறைமுகம்

மேஸ்திரி, நீங்க சொல்றது கச்சான் காத்து. எங்க அப்பா அப்படித்தான் சொல்வாரு. கச்சான் ஓங்கிட்டா கடக்காத்து கரையேறாது.

எனக்கு 2019 ஃபானி புயல். ஏப்ரல் கடைசி, மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கிட்டிருக்கு, எங்களுக்கு ஏப்ரல் 15லேருந்து 61 நாள். புயல் நம்ம பக்கம் வருதுன்னு முதல்ல சொன்னாங்க. உப்பனாத்துல விசைப்படகுக்கெல்லாம் ரெட்டைக் கயிறு போட்டு, ஃபைபர் போட்டை மேட்டுல ஏத்திட்டு உக்காந்திருந்தோம். மழை வந்தா வெயிலாவது தணியும்னு பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க. அது வடக்கால திரும்பி மே 3ஆம் தேதி ஒடிசாவுல பூரி பக்கம் கரையேறிச்சு. நமக்கு ஒரு சொட்டு இல்ல. இருந்த ஈரக்காத்தையும் அதுவே இழுத்துக்கிட்டுப் போச்சு.

தேவனாம்பட்டினம் கரையில அப்பா நின்னாரு, பக்கத்துல நான். மணல் பறந்து கெண்டைக்கால்ல பின்பக்கமா குத்துது. அதாவது ஊருக்குள்ளேருந்து கடலுக்குப் பறக்குது. அலை கரைக்கு வருது, அதோட தலையைக் காத்து பின்னால சீவி எறியுது. எங்கேயோ தூரத்துல அடிக்கற புயலு, இங்க மூச்சு முட்டுது. அப்பா எதுவும் சொல்லல, துண்டை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டுத் திரும்பிட்டாரு. அதுக்கு மறுவருஷம் அவரு இல்ல. வெயிலால இல்ல, வேற நோவு. ஆனா அவரோட கடற்கரையில நின்ன கடைசி ஞாபகம் எனக்கு அதுதான்.

பண்ருட்டி முந்திரி

காத்து காத்துன்னு எழுதறீங்க. மரத்தை யாரும் சொல்லலயே.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல வந்துச்சு. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறிச்சு. முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சுது. புயலைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. அடுத்து வந்த 2012 கோடையைப் பத்தி யாரும் எழுதல. கரண்ட்டும் பாதி நாள் கிடையாது.

எங்க ஆயா மாசி, பங்குனியில கொட்டை பொறுக்க தோப்புக்குப் போவாங்க. தூக்குல கூழ், மதியம் ஒரு பெரிய மரத்தடியில உக்காந்து குடிப்பாங்க. அந்த வருஷம் பொறுக்க ஒரு கொட்டை கிடையாது. இருந்தும் தூக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. தேடிக்கிட்டு நான் போனேன். அறுத்து எடுத்துட்டுப் போன மரத்தோட அடிக்கட்டை பக்கத்துல, எப்பவும் உக்கார்ற அதே எடத்துல, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல உக்காந்திருந்தாங்க. நிழல் இருக்கிற மாதிரியே.

லாஸ்பேட்டை இயற்பியல்

மேஸ்திரி அவர்களுக்கு. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 37 என்ற முன்னறிவிப்பு தவறு என்று இதைப் படிக்கும் எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வானிலை மையம் சொல்வது நிழலின் வெப்பம். வெள்ளை வர்ணம் அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புக சாய்வுச் சட்டங்கள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரம், சூரியன் உள்ளே விழாதபடி கதவு வடக்குப் பார்த்து. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடுதான் 37. கம்பியும் சென்ட்ரிங் தகடும் காய்ந்து கிடக்கும் மேல்தளத்தில் நிற்பவர் உடம்பு வாங்கும் சூடு அந்த எண்ணில் இல்லை. செய்தித்தாளில் "வெயில் சதம் அடித்தது" என்று போடுகிறார்களே, அந்த 100 டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ்தான். சதத்துக்குப் பயப்படுகிறோம், 37 என்றால் சாதாரணம் என்கிறோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கடலோரத்துக்குத் தனிக் கணக்கே உண்டு. சமவெளியில் 40ஐத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிப் பேசுவார்கள். கடலோர நிலையங்களுக்கு 37 இருந்து, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் போதும். காரணம் ஈரப்பதம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாது.

கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறி நம்மிடம் வருகிறது. அது பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். ஆகவே கத்திரி முடிந்ததென்று நம் கடற்கரை ஊர்களில் யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

என் அனுபவம் ஒன்றுதான். முழு ஆண்டுத் தேர்வில் கண்காணிப்பில் இருந்தேன். ஒரு மாணவி பெஞ்சில் சரிந்தாள். விடைத்தாளை எடுத்துப் பார்த்தபோது கடைசி வரி பாதியிலேயே கோணலாகக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு முந்தின மூன்று வரிகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்திருந்தன. நான் அந்த வரிசையில் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

ஒன்று எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்பதில்லை. வேலை செய்துகொண்டிருப்பவருக்கு வியர்த்துக்கொண்டே வரும். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, நடை தடுமாறுவது, இவைதான் அடையாளம். நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போகும். நினைவோடு இருப்பவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோ மோரோ கொடுக்கலாம். வேலைக்கு வருகிறவர்களைப் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். புது ஆள் என்றால் முதல் வாரம் அரை வேலை மட்டும் கொடுங்கள், உடம்பு வெயிலுக்குப் பழக நாள் பிடிக்கும்.

மல்லாட்டை (பாகூர்)

வாத்தியாரே, நெழல் சூடு எல்லாம் சரி. "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை"ன்னு சித்திரையிலேருந்து தெனமும் சொல்றாங்களே, அந்த ஓரிருல எங்க ஊரு இருக்கா இல்லயான்னு யாரு சொல்லுவா?

போன சித்திரை கடைசி. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கி, ஆஞ்சு, களத்துல காயப் போட்டிருந்தோம். மதியம் முழுக்கப் புழுக்கம், எல ஆடல. நாலு மணிக்கு மேற்கால விழுப்புரம் பக்கம் கருக்கட்டுச்சு. நானும் சம்சாரமும் தார்ப்பாயை இழுக்க ஓடுனோம். ஒரு முனை என் கையில, ஒரு முனை அவ கையில. அப்பதான் ஓட பக்கம் நின்ன பனையில இடி விழுந்துச்சு. சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. அவ வாய் தெறந்து கத்தறது தெரியுது, ஒண்ணுமே கேக்கல. பனை உச்சியில பந்தம் புடிச்ச மாதிரி எரியுது. கால்வழியா ஏதோ ஏறி எறங்குன மாதிரி இருந்துச்சு.

தார்ப்பாயைப் போட்டுட்டு ஓடிட்டோம். பத்து நிமிஷ மழை. காய் நனைஞ்சு கருத்துப்போயி, வியாபாரி மூட்டைக்கு வெலையைக் கொறச்சிட்டான். பக்கத்து ஊருல தூத்தல் கூட இல்லன்னு மறுநாள் சொல்றாங்க. வெலை போனது போவட்டும். அவளை அந்த முனையைப் புடிக்கச் சொல்லி இழுத்துக்கிட்டுப் போனது நான்தான்.

லாஸ்பேட்டை இயற்பியல்

நியாயமான கேள்வி ஐயா. "ஓரிரு இடங்கள்" என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் இடங்களில் நூற்றுக்கு 25க்குள் என்று பொருள். "சில" என்றால் 50 வரை, அதற்கு மேல் "பல", "பெரும்பாலான". வெப்பச்சலன மழை, அதாவது வெயில் சூட்டில் மேகம் திரண்டு பெய்யும் மழை, எந்த ஊரில் இறங்கும் என்று முந்தின நாளே சொல்ல யாராலும் முடியாது. மின்னலுக்கு "தாமினி" என்ற அரசு செயலி இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். மேற்கே இடி கேட்ட உடனே களத்தை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பனையடியில் ஒதுங்கவே ஒதுங்காதீர்கள்.

மல்லாட்டை (பாகூர்)

பையன்கிட்ட சொல்லி ஏத்திக்கிறேன். காது இன்னும் ஒரு பக்கம் கொய்யுனுதான் இருக்கு.

நேரு வீதி டெலிவரி

நான் பாண்டில சாப்பாடு டெலிவரி பண்றேன். 2024 கோடையில சிக்னல்ல பச்சை நெழல் வலை கட்டினாங்களே, எல்லாரும் போட்டோ எடுத்துப் போட்டாங்க, அப்ப நடந்தது.

ரெண்டு மணி இருக்கும். வலைக்குக் கீழ வந்து நின்னதும் ஹெல்மெட்டுக்குள்ள ஏதோ எறங்கின மாதிரி ஒரு சொகம். யாரும் ஹாரன் அடிக்கல, யாரும் பேசல. பச்சை விழுந்தும் ஒரு நொடி யாருமே நகரல. அது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி, நாங்க பைக்கெல்லாம் நெழல அடைச்சு நின்னப்ப, வலைக்கு ரெண்டடி வெளியில ஒரு தாத்தா தள்ளுவண்டில வெள்ளரிப் பிஞ்சு வச்சுக்கிட்டு நின்னாரு. செருப்பு ஒண்ணுதான் இருந்துச்சு, அதை ரெண்டு காலுக்கும் மாத்தி மாத்தி போட்டு நின்னாரு. எனக்கு முன்சக்கரத்தை ஒரு அடி பின்னால இழுத்தா அவருக்கு எடம் வந்திருக்கும். நான் போன்ல அடுத்த ஆர்டரைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

எல்லாத்தையும் படிச்சேன். வாத்தியார் சார், 37 தப்புன்னு நான் சொல்லல. அது எனக்குப் புரியலன்னுதான் சொன்னேன். இப்ப தளம் போடறதா இருந்தா வெடியக்காலைல மூணரைக்கு லைட்டு போட்டு ஆரம்பிச்சு, பத்து மணிக்குள்ள முடிக்கிற அளவுதான் எடுக்கறேன். பெரிய தளம்னா எங்க நிறுத்தறதுன்னு இன்ஜினியர்கிட்ட முன்னாடியே கேட்டு ரெண்டு நாளாப் பிரிக்கறேன். முன்னயே செஞ்சிருக்கலாம், யாரும் தடுக்கல. தூண் கம்பியில பழைய வேட்டித் துண்டு ஒண்ணு கட்டி வச்சுக்கறேன், அது எந்தப் பக்கம் பறக்குதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்.

அந்த அக்கா இப்ப ஆல்பேட்டையில வீட்டு வாசல்ல கம்பங்கூழ் விக்கறாங்க. போன ஞாயித்துக்கெழமை போனேன். மோர் மொளகாயோட ஒரு சொம்பு குடுத்தாங்க, காசு வாங்கல. மெதுவா அன்னிக்கு நடந்ததைக் கேட்டேன். காலைல வேலைக்கு வந்தது மட்டும்தான் அவங்களுக்கு ஞாபகம். சாரத்துல ஏறினது தெரியல. என்கிட்ட மழை வருதான்னு கேட்டதும் தெரியல. "நானா கேட்டேன்?"னு திருப்பி என்னைக் கேக்கறாங்க.

கூத்தப்பாக்கம் புதுசு

எங்க வீட்டுக்கு அடுத்த புதன்கிழமை தளம். எங்க மேஸ்திரி எட்டு மணிக்குத் தொடங்கலாம்னு சொல்றாரு. என்ன சொல்லட்டும் அண்ணே?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்)

மூணரைக்கு வரச் சொல்லுங்க தம்பி. லைட்டு வாடகை எவ்வளவோ அதை நீங்க குடுத்துருங்க.